ஆறுக்குட்டியின் வலது காது

அரவேணு பஸ் ஸ்டாப்பை ஒட்டி மளிகைக் கடை வைத்திருக்கும் மருதாம்பாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரே சொல்லும். சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் கோபம் காரணமில்லாமல் வருகிற கோபம் இல்லை. நல்ல தக்காளிக்கு அடியில் அழுகினதை ஒளித்துத் தள்ளிவிடப் பார்க்கும் வேன்காரனிடம் வரும். கை நீட்டியும் நிற்காமல் போகும் பஸ்காரனிடம் வரும். எல்லாவற்றையும் விட, பாட்டுக் கச்சேரியில் உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்கிறவர்களிடம் வரும். அந்த 'உஷ்' காதில் விழுந்தால் போதும், உச்சந்தலையில் மிளகாய் அரைத்து அப்பின மாதிரி எரியும் அவளுக்கு.

காரணம் அவள் புருஷன் ஆறுக்குட்டி. இருபத்தெட்டு வருஷம் ஒரு டீ ஃபேக்டரியில் இலை அரைக்கிற மெஷின் பக்கத்தில் நின்றவர். அது ஓடும்போது பக்கத்திலிருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தபோது இடது காது சுத்தமாகப் போயிருந்தது. வலது காதில் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கோயமுத்தூர் டாக்டர், நரம்பு போய்விட்டது என்று கையை விரித்து, காது மெஷின் ஒன்றை மாட்டி அனுப்பினார். பேச்சுக்கு அது தேவலாம். பாட்டுக்கு உதவாது. "தகர டப்பால கூழாங்கல்லப் போட்டு ஆட்டறாப்பல இருக்குது" என்று சொல்லி, பாட்டு என்றாலே அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

ஆனால் மனுஷன் பாட்டுப் பைத்தியம். கல்யாணமான மூன்றாம் நாளே மருதாம்பாளைக் கோத்தகிரிக்கு ஆர்கெஸ்ட்ரா பார்க்கக் கூட்டிப்போனவர். காது போனதும் பைத்தியம் தெளிந்துவிடுமா? இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கச்சேரியில் அவள் அவருடைய வலப்பக்கம் உட்காருவாள். பாட்டு ஆரம்பித்ததும் முதல் வரியை அவர் காதோடு பாடுவாள். அவர் உள்ளங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டு விரலால் தாளம் தட்டுவாள். ஆறுக்குட்டி கண்ணை மூடிக்கொள்வார். "முதல் வரிய மட்டும் சொல்லு புள்ள. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்பார். பார்த்துக்கொள்வார்தான். நாற்பது வருஷமாகக் கேட்ட பாட்டெல்லாம் அவர் மண்டைக்குள் அப்படியே கிடக்கிறது. எது ஓடுகிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் போதும்.

ஒரே ஒரு சங்கடம், மருதாம்பாளின் குசுகுசுப்பு நாலு வரிசைக்குக் கேட்கும். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காதே, என்ன செய்வது?

மாரியம்மன் நோம்பித் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் இது ஒரு விஷயமே இல்லை. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கியிருப்பார்கள். ஆறுக்குட்டி தன் நாற்காலியை நேராக அந்தப் பாக்ஸ் பக்கத்தில் போட்டு, ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொள்வார். இன்னொரு கை மருதாம்பாளிடம். பக்கத்தில் ஒருத்தன் கடலை உடைப்பான், ஒருத்தி பிள்ளையை அதட்டுவாள், பாதிக் கூட்டம் பாடகனுக்கு முன்னாலேயே சரணத்துக்குப் போய்விடும். அந்த இரைச்சலில் மருதாம்பாள் சத்தம் எந்த மூலைக்கு?

இத்தலாரில் ஒரு படகர் வீட்டு விசேஷத்துக்குக் கடைக்கு வரும் அம்மா ஒருவர் அழைத்திருந்தார். அங்கே படக பாஷைப் பாட்டில் ஒரு வரிகூட இவளுக்குப் புரியவில்லை. முதல் வரியைச் சொல்ல வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய இரண்டு பேர் வந்து ஆறுக்குட்டியின் இரண்டு கையையும் பிடித்து ஆட்ட வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். முன்னால் ஆடுகிறவர் காலைப் பார்த்து அவர் கால் எடுத்து வைத்தார். முதல் சுற்றில் தடுமாற்றம். மூன்றாம் சுற்றில் யார் காது கேட்காதவர் என்று மருதாம்பாளுக்கே அடையாளம் தெரியவில்லை. பாஷை தெரியாத ஊரில் அவ்வளவு ஒட்டுதல். சொந்தப் பாஷைக்காரர்கள் செய்ததுதான் அவளுக்கு ஆறவே ஆறாது.

குன்னூரில் ஒரு சபா. டிவியில் பார்த்துப் பழகின பாடகி வருகிறாள் என்று போனார்கள். ஐந்து மணிக் கச்சேரிக்கு நாலு மணிக்கே போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பாட்டுக்கு முதல் வரியைச் சொன்னதுமே முன்னால் மூன்று கழுத்துகள் திரும்பின. ஒரு 'உஷ்' வந்தது. மருதாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது பாட்டுக்கு மறுபடி சொன்னாள். மெரூன் பட்டுக் கட்டியிருந்த அம்மா பக்கத்திலிருந்தவளிடம், வேண்டுமென்றே கேட்கும்படி சொன்னாள்: "செவிடன் காதுல சங்கு ஊதறதுக்கு இங்கதான் எடம் கெடைச்சுதா?"

மருதாம்பாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அதற்குள் சபா செயலாளர் ஹரிதாஸ் குனிந்தபடி ஓடி வந்துவிட்டார். குன்னூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். முகத்தில் சிரிப்பு, கையில் கும்பிடு.

"ஏனுங்கம்மா, கொஞ்சம் பின்னால போய் உக்காந்துக்கறீங்களா? மத்தவிங்களுக்கு இடைஞ்சலா இருக்குதாமுங்க."

"அந்தம்மா தொடையில டப்பு டப்புன்னு தாளம் போடறது இடைஞ்சல் இல்லீங்களா? நான் அவர் கையில போட்டாத்தான் இடைஞ்சலுங்களா?"

"அது ரசிக்கறதுங்க."

"அப்ப நாங்க என்ன, புளி வாங்கவா வந்தோம்?"

பாடகியே ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். ஆறுக்குட்டி என்னவென்று புரியாதவர் போல் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். அவர் எழுந்தபின் இவள் மட்டும் உட்கார்ந்து என்ன செய்ய? கடைசி வரிசை, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து பாடகி கட்டைவிரல் அளவு தெரிந்தாள். திரும்பும் பஸ்ஸில் ஆறுக்குட்டி, "நல்லாப் பாடுச்சு அந்தப் பொண்ணு" என்றார். மருதாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையில் கிடைத்தால் அந்த மெரூன் பட்டை வெந்நீரில் முக்கி எடுத்திருப்பாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவர்கள் மகன் கார்த்தி அருவங்காட்டில் ஆபீஸ் வேலையில் இருக்கிறான். அவனுடைய மேலதிகாரி ஒருவர், போக முடியவில்லை என்று இரண்டு பாஸ் கொடுத்தார். ஊட்டியில் ஒரு பழைய ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பியானோ கச்சேரி. "போய்ட்டு வாங்கம்மா, அப்பாக்குப் புதுசா இருக்கும்" என்றான்.

புதுசாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் வந்து குனிந்துவிட்டு உட்கார்ந்தார். பாட்டு இல்லை, வரி இல்லை. ஆறுக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு வலது காதைச் சாய்த்தார். மருதாம்பாள் விழித்தாள். எதைச் சொல்வது? கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, தனக்குத் தோன்றியதைச் சொல்ல ஆரம்பித்தாள். "மழை தூறுதுங்க. தகரத்து மேல விழுகுது. இப்ப வலுக்குது. காத்தும் சேந்துக்கிச்சு. ஆ... நின்னுருச்சு." ஆறுக்குட்டியின் முகம் மலர்ந்தது. பியானோ நின்றதும், முடிந்துவிட்டது என்று நினைத்து இருவரும் கை தட்டினார்கள். ஹாலில் வேறு ஒருவரும் தட்டவில்லை. நடுவில் நிறுத்தினால் தட்டக்கூடாதாம். அது எங்கே எழுதி ஒட்டியிருந்தது?

அத்தனை பேரும் திரும்பினார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, வாயே திறக்காமல், வராந்தாவைக் கையால் காட்டினார். திட்டியிருந்தால் மருதாம்பாளுக்குப் பதில் இருந்திருக்கும். வாயைத் திறக்காதவனிடம் எப்படிச் சண்டை போடுவது? வெளியில் நிஜமாகவே மழை தூறிக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள, வந்துட்டோம்?" என்று கேட்டார் ஆறுக்குட்டி.

"முடிஞ்சிருச்சுங்க."

அவர் கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை உள்ளே பார்த்தார். பிறகு குடையை விரித்தார்.

அன்றைக்கே மருதாம்பாள் முடிவு பண்ணிவிட்டாள். நோம்பி ஆர்கெஸ்ட்ரா சரி. வேறு எங்கும் போவதில்லை. கொஞ்ச நாளாகவே அவள் மேடையைப் பார்ப்பதில்லை. எந்தக் கழுத்து திரும்புகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பெயர் கச்சேரியா? இத்தனை வாய் இருந்தும் அவரைக் கடைசி வரிசையிலிருந்து மீட்க முடியவில்லையே என்ற ஆத்திரம் வேறு.

தை மாதம், அதே குன்னூர் சபாவில் நாதஸ்வரக் கச்சேரி என்று போஸ்டர் ஒட்டினார்கள். இரண்டு தவில். அவள் கடைச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். மருதாம்பாள் அதன் மேல் வாழைத்தாரைத் தொங்கவிட்டாள். ஆனால் கார்த்தி முன்னாடியே அப்பாவிடம் சொல்லித் தொலைத்திருந்தான்.

"நாதஸ்வரம் என்னைக்குப் புள்ள?"

"வித்வானுக்கு ஒடம்பு செரியில்லையாமாங்க. கச்சேரி ரத்து."

"அடப் பாவமே. நல்லாயிரட்டும்" என்றார் ஆறுக்குட்டி. அந்த வாரத்தில் இரண்டு தடவை, வித்வானுக்கு எப்படி இருக்கிறதாம் என்று விசாரித்தார். தேவலையாம் என்று சொல்லிவைத்தாள்.

ஞாயிறு சாயந்திரம் கடையில் கூட்டம். குன்னூர் பஸ் வந்து நின்றது. பக்கத்துத் தையல்கடை இருளப்பன் இறங்கினார். இறங்கியவர் நேராகக் கடைக்கு வந்து, சாமான் வைக்கும் பலகையில் இரண்டு கையாலும் தவில் வாசித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, ஏன் வரல? ரெண்டு தவிலும் சேந்து அடிச்சானுக பாருங்க, சபாவே அதிர்ந்து போச்சு!"

மருதாம்பாள் கண்ணால் சாடை காட்டினாள். இருளப்பன் எங்கே பார்த்தார்? அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். ஆறுக்குட்டி அந்தப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அப்புறம் மருதாம்பாள் பக்கம் திரும்பினார்.

"வித்வானுக்கு ஒடம்பு நல்லாயிருச்சாட்டிருக்குது."

அவர் குரல் எப்போதுமே பெரிய குரல். பஸ் ஸ்டாப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். இருளப்பன் கை நின்றது.

"இல்லீங்க, நான் என்ன நெனச்சேன்னா..." என்று இழுத்தாள் மருதாம்பாள்.

"எனக்குக் காதுதான் போச்சு. கண்ணு போகல. சபால அந்தப் பொம்பளைக திரும்புனதப் பாத்தேன். ஹாலுல அத்தன பேரு உள்ளாற உக்காந்திருக்க, முடிஞ்சிருச்சுன்னு சொன்னியே, அதையும் பாத்தேன். பாத்தா பாத்துட்டுப் போறாங்கன்னு நான் பாட்டுக் கேட்டுட்டு இருந்தேன். வெக்கம் எனக்கில்ல புள்ள, உனக்கு."

மருதாம்பாள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். ஆறுக்குட்டி கையை இழுத்துக்கொண்டார்.

"அவிங்க என்னயக் கடைசி வரிசைல உக்கார வெச்சாங்க. வராந்தால நிறுத்துனாங்க. நீயி ஊட்டுலயே உக்கார வெச்சுட்ட. ரெண்டு தவிலு! அது எனக்கு நேராவே கேக்கும். அதுக்கு நீ கூட வேண்டியதில்ல."

மருதாம்பாள் தராசுப் பக்கம் திரும்பினாள். அரைக் கிலோ சர்க்கரை கேட்டு நின்ற பெண்ணுக்கு உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். இரண்டாவது தவில் இருக்கிறது என்று போஸ்டரில் படித்தவள் அவள்தான். படித்துவிட்டுத்தான் வாழைத்தாரைத் தொங்கவிட்டாள்.

பதினோரு நாள் ஆறுக்குட்டி பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு கேட்டார், கடைச் சாவி கேட்டார், அவ்வளவுதான். ரேடியோவில் அவருக்குப் பிடித்த பாட்டு வந்தபோது மருதாம்பாள் வழக்கம்போல வலது காதுப் பக்கம் குனிந்தாள். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். முதலில் அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது. பிறகு அந்த மெரூன் பட்டு மேல் வந்தது. கடைசியில், வேறு போக்கிடமில்லாமல், தன் மேலேயே வந்து நின்றது. அது அவளுக்குப் பழக்கமில்லாத கோபம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். தாங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில், கடை திறந்த கையோடு, வாழைத்தாரைக் கழற்றிப் போட்டாள். பாதி கிழிந்திருந்த போஸ்டரின் அடியில் சபா நம்பர் இருந்தது. ஆறுக்குட்டி எதிரில் உட்கார்ந்து பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் போனை எடுத்தாள்.

"ஹரிதாஸுங்களா? நான் அரவேணு மருதாம்பா பேசறேன். ஆமாங்க, அந்தச் சண்டைக்காரிதானுங்க. அடுத்த கச்சேரி எப்பங்க? செரி. எனக்கு ரெண்டாம் வரிசைல ரெண்டு சேரு வேணும். ஓரத்துல இல்லீங்க, நடுவால. எங்கூட்டுக்காரருக்கு நான் பாட்டுச் சொல்லுவேன். சத்தமாத்தான் சொல்லுவேன். திரும்பிப் பாக்கறவிங்களுக்குக் கழுத்துச் சுளுக்கிக்கிச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க. என்னது? கமிட்டியில கேக்கோணுமா? நல்லாக் கேளுங்க. நாங்க வந்து உக்காந்திருக்கறோம், நீங்க கேட்டுட்டு வாங்க!"

போனைப் பலகையில் வைத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

காது மெஷின் ஆறுக்குட்டியின் சட்டைப் பையில் கிடந்தது. அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. ஆனால் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு, அவ்வளவு நேரமும் அவள் வாயசைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் வரிசைதான புள்ள?" என்று கேட்டார்.