சூடு ஏறாத விதைகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்னே பின்னே போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா ஹவுராவில் ஒரு பட்டறையில் இரும்பு சுமந்தார். இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவருக்குச் செடி வளர்க்கும் ஆசை உண்டென்று கேள்விப்பட்ட ஆபீசர், லூபின் பூவிதை இருபது கொடுத்து, குளிர்காலத்தில் பூக்கவைத்துக் காட்டினால் தோட்ட வேலைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார். துர்கா பூஜை முடிந்ததும் அப்பா பாதியைத் தொட்டியில் ஊன்றினார். மீதியைத் தீப்பெட்டியில் போட்டுவைத்தார். மூன்று வாரம் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

அக்காவிடம் ஊரிலிருந்து வந்த சூட்டுக்கொட்டை ஒன்று இருந்தது. சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து என் தொடையில் வைப்பாள். சுரீரென்று சுடும். பதிலுக்கு வைக்க என்னிடம் எதுவும் இல்லை. தீப்பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு விதையாகத் தேய்த்து அவள் கையில் வைத்துப் பார்த்தேன்.

“ஏட்டி, இந்தப் பயறுக்கெல்லாம் சூடு ஏறுமாக்கும்?” என்று சிரித்தாள்.

பத்தும் ஒரு பக்கம் தோல்போய் வெளுத்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் அப்பா படித்துறையில் கங்கை வண்டல் அள்ளிவந்து தொட்டியில் கலந்தார். விதையைப் பார்த்து, பூச்சி அரித்துவிட்டதோ என்று அம்மாவிடம் கேட்டார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இருப்பதை ஊன்றினார். பத்து நாளில் எட்டு முளைத்தன. தை போய் மாசி வந்தபோது நீலநீலமாகக் கதிர்விட்டுப் பூத்தன.

“எல்லாம் கங்கை மண்ணு செஞ்ச வேலை,” என்று அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். தோட்ட வேலை கிடைத்தது. என் தப்பைக் கங்கை கழுவிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இனி அப்பாவின் விதையைத் தொடுவதில்லை என்று சாமி படத்தின் முன் சத்தியமும் செய்தேன்.

அடுத்த வருஷம் ஆபீசர் புது விதை கொடுத்தார். அப்பா சாக்குச் சாக்காக வண்டல் சுமந்தார். ஒன்றும் முளைக்கவில்லை. அவரைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம் பேத்தி கரியாஹாட்டில் லூபின் விதை வாங்கிவந்தாள். தோல் கெட்டியாம், தேய்த்துவிட்டு ஊன்றினால்தான் தண்ணீர் உள்ளே போகுமாம். உறையில் இருந்ததைப் படித்துச் சொன்னாள்.

முதல் வருஷம் முளைத்தது எட்டா ஏழா என்பது எனக்கு நிச்சயமில்லை. அக்கா டாலிகஞ்சில்தான் இருக்கிறாள். யாராவது கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் வருஷம் நான் ஒரு விதையைக்கூடத் தொடவில்லை. அதைக் கேட்க வேண்டியதில்லை.