எடுக்காமல் விட்ட சிரிப்பு

படப்பிடிப்பு முடிந்து ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசமும் உண்டு. ஆனால் அது கோபம் ஆறிய பிறகு வருகிற பாசம், ஆறுவதற்கோ நாளாகிறது.

செங்கம் சாலையில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் உட்காருவது என் வேலை. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள், சாவி கொடுப்பேன், வெந்நீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவேன். சென்ற வருடம் சென்னையிலிருந்து ஒரு படக் குழு வந்து மேல்தளம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. சின்னப் படம். ஒரு குடும்பம், ஒரு வீடு, ஒரு சாவு, அவ்வளவுதான் கதை. மூத்த மகளாக நடிக்க வேண்டிய பெண் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வெந்நீருக்காக நான் யாரிடமோ போனில் சண்டை போடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். "இப்ப பேசினீங்க பாருங்க, அப்படியே பேசினா போதும். நடிக்கறீங்களா?" என்றார்.

இப்படித்தான் நான் நடிகை ஆனேன். செத்துப்போகிற மகள் நான்தான் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

எனக்கு ஒரு தம்பியும் ஒரு அம்மாவும் ஒரு அப்பாவும் கிடைத்தார்கள். செட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வேஷத்தின் உறவுமுறைதான். தம்பி விழுப்புரத்துக்காரன், வயதில் என்னைவிடப் பெரியவன். தன்னுடைய வசனத்தைத் தவிர மற்ற எல்லார் வசனமும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அம்மாவாக வந்தவர் சீரியல்களில் மாமியார் வேஷம் கட்டுகிறவர், சொந்தத் தலையணை இல்லாமல் எந்த ஊருக்கும் போகமாட்டார். இடைவேளையில் என் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்த்த ஒரே நடிகை அவராகத்தான் இருக்கும்.

அப்பாவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர். முகத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் தெரியும், பெயர் யாருக்கும் தெரியாது. ஊர்த் தலைவர், ஏட்டு, வக்கீல் குமாஸ்தா, பிணம் என்று எல்லாம் செய்திருக்கிறார். என் முதல் நாள், கேமராவுக்கு முன்னால் என் கரண்டி தட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாடு பரிமாறுகிற காட்சி. அவர் தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தி, "கரண்டிய தட்டு மேலயே வெச்சுக்கோம்மா, சத்தம் வராது" என்று உதடு அசையாமல் சொன்னார். என் சொந்த அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அப்பா என்று கூப்பிடும்போது முதலிரண்டு நாள் வாய் கூசியது. அப்புறம் பழகிவிட்டது. பழகாமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ முறை எரிச்சலோடு நினைத்திருக்கிறேன்.

கடைசி நாள், கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் என் சாவு. அன்றைக்குப் பௌர்ணமி. அன்றைக்குப் படப்பிடிப்பு வைக்காதீர்கள் என்று நான் முன்பே தலையால் அடித்துக்கொண்டேன். "கிரிவலம் சாயங்காலம்தானேங்க, நாம மதியமே முடிச்சிடுவோம்" என்றார்கள். திதி காலையிலேயே பிறந்துவிடுகிறது, அப்போதே ஜனம் நடக்க ஆரம்பித்துவிடும், மதியத்துக்கு மேல் போலீஸ் வண்டிகளை விடமாட்டார்கள் என்று இந்த ஊரில் பால் வாங்கப் போகிறவனுக்குக்கூடத் தெரியும். சென்னைக்காரர்களுக்கு நிலா வந்தால்தான் பௌர்ணமி.

பாடையில் படுத்திருந்தேன். நெற்றியில் ஒட்டிய காசு, மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை. அந்த நேரம் பார்த்து என் நிஜ அம்மா வந்து நின்றாள். அம்மா அங்கன்வாடியில் சமையல் வேலை பார்க்கிறவள். அடி அண்ணாமலையில் இருக்கிற அத்தை போன் போட்டு, உன் பெண்ணைப் பாடையில் வைத்திருக்கிறார்கள், வந்து பார் என்று சொல்லிவிட்டாளாம். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவள் என்னைப் பார்த்ததும் அப்படியே ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். என் நிஜ அப்பாவை எங்கள் வீட்டிலிருந்து தூக்கியபோதும் இப்படித்தான் உட்கார்ந்தாள். நான் எழுந்து ஓடினேன், மாலையோடு. அது இன்னும் மோசமாகப் போயிற்று.

படத்து அம்மாதான் ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயப்படாதீங்க. செத்த மாதிரி நடிச்சவங்கள அப்படியே விடமாட்டாங்க. ஷாட் முடிஞ்சதும் அதே கேமராவப் பாத்து சிரிக்கச் சொல்லி எடுப்பாங்க. சிரிச்சிட்டா தோஷம் போச்சு. எல்லா ஷூட்டிங்லயும் வழக்கம்தான் இது."

அம்மா நம்பாமல் எல்லார் முகத்தையும் பார்த்தாள். படத்து அப்பா முன்னால் வந்தார். "நான் இருக்கேன்மா. சிரிக்க வெச்சிட்டுதான் உங்க பொண்ண அனுப்புவேன்" என்றார். அந்தக் குரலில் சொன்னால் யாரும் நம்புவார்கள். அம்மாவும் நம்பினாள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் நேரம் ஆகிவிட்டது என்று, வழி அடைபடும் முன்பே கிளம்பிப் போனாள்.

காட்சி நன்றாகத்தான் வந்தது. அப்பா என் மேல் விழுந்து அழுதார். 'கட்' என்ற சத்தம் வந்ததும் நான் எழுந்து உட்கார்ந்து, சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே வருகிறார், தடுப்பு போடப் போகிறார்கள், இப்போது விட்டால் நாளைக் காலைதான் வண்டி நகரும் என்று ஒரே கூச்சல். லைட்டைத் தூக்கு, கேமரா தண்டவாளத்தைக் கழற்று என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். படப்பிடிப்பு முடிகிற நாளில் உடைக்கிற பூசணிக்காயைக்கூட யாரோ அவசரத்தில் ரோட்டில் போட்டு உடைத்துவிட்டு, வழுக்காமல் இருக்க ஓரமாகத் தள்ளினார்கள். படத்து அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். தம்பி அவசர அவசரமாக ஒரு போட்டோ எடுத்தான். அப்பா வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கையை மட்டும் ஆட்டினார். வேன் போய்விட்டது. நெற்றிக் காசை எடுக்கக்கூட மறந்து, கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே நான் வீட்டுக்கு நடந்தேன். எதிரே வந்தவர்கள் விலகி நடந்தார்கள்.

வாசலிலேயே அம்மா கேட்டாள். "சிரிச்சியா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல அன்றைக்கு உடம்பில் தெம்பு இல்லை.

பத்து நாளில் அடுத்த வாய்ப்பு வந்தது. எங்கள் படத்தில் உதவி இயக்குநராக இருந்தவரின் சிபாரிசு. வேலூரில் படப்பிடிப்பு, கதாநாயகிக்கு அக்கா, கடைசி வரை உயிரோடு இருக்கிற அக்கா. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் குதித்துக்கொண்டு வந்து சொன்னேன். அம்மா முறத்தில் அரிசியைப் பார்த்தபடியே, "மொதல்ல அந்தச் சிரிப்ப எடுத்துக்கினு வா. அப்பறம் வேலூரப் பத்திப் பேசு" என்றாள்.

செல்போனில் எடுத்துக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. "எந்தக் கேமரா ஒன்னப் பொணமாப் பாத்துச்சோ, அது பாக்கணும்டி நீ சிரிக்கறத. இதுக்கு இன்னா தெரியும்?"

இருபத்தாறு வயதுப் பெண் அம்மாவைக் கேட்காமல் போனால் என்ன என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது படி இறங்கிப் போக எனக்குக் கால் வரவில்லை.

'நம்ம குடும்பம்' என்று தம்பி ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. அதில் நிலைமையை எழுதினேன். தம்பி கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை முகங்களை வரிசையாகப் போட்டான். படத்து அம்மா குரல் பதிவு அனுப்பினார். "கண்டிப்பா கேக்கறேன் கண்ணு, சீரியல்ல இருக்கேன், சாயங்காலம் பேசறேன்." எந்தச் சாயங்காலம் என்று சொல்லவில்லை. டைரக்டரிடம் நேராகவே பேசினேன். கேமரா வாடகைக் கேமரா, இப்போது எந்த ஊரில் எந்தப் படத்தில் இருக்கிறதோ தெரியாது என்றார். "இதெல்லாம் சும்மா ஒரு நம்பிக்கைங்க, மனசுல ஏத்திக்காதீங்க" என்றார். அவரை நம்பச் சொல்லி யார் கேட்டது? அப்பாவுக்கு எத்தனை முறை போட்டும் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால், பார்த்தேன் என்று மட்டும் இரண்டு நீல டிக். எனக்கு வந்த ஆத்திரத்தில், அறைக்கு வெந்நீர் கேட்ட ஒரு வெள்ளைக்காரரிடம் தமிழில் கத்திவிட்டேன். அவர் கைகூப்பிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா கூப்பிட்டார். நான் நலம் விசாரிக்கவில்லை.

"என்னப்பா சொன்னீங்க எங்க அம்மாகிட்ட? சிரிக்க வெச்சிட்டுதான் அனுப்புவேன்னு சொல்லல? வேன்ல ஏறி ஒக்காந்துக்கிட்டு கை ஆட்டறீங்க. எனக்கு வந்த வேஷம் போவுது, தெரியுமா ஒங்களுக்கு?"

அப்பா சொன்னார். "கேக்கதான்மா போனேன். அதுக்குள்ள லென்ஸ கழட்டிட்டாங்க. டைரக்டர் கத்திட்டு இருந்தாரு. அந்த நேரத்துல போய் நின்னா, இந்தாளு தொல்லைன்னு அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டாங்களோன்னு பயமாப் போச்சு. வாயத் தொறந்தேன், வரல. போய் வேன்ல ஒக்காந்துட்டேன்."

"உங்களுக்கு எடுக்கணும்னா கேக்காம விடுவீங்களா?"

"எனக்கு எங்க எடுத்தாங்கம்மா? எவ்ளோ படத்துல செத்திருக்கேன். ஹீரோயின்னா ஞாபகமா எடுப்பாங்க. நம்மள மாதிரி ஆளுக்கு எப்பவோ ஒரு தடவ. நான் கேட்டதே இல்ல."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அம்மா கேட்கட்டும் என்றுதான். அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"ஒங்களுக்கும் எடுக்கலீங்களா?"

"இல்லீங்கம்மா."

"வூட்ல தெரியுங்களா?"

"தெரியாதுங்க. எடுத்தாச்சுன்னு சொல்லிடுவேன். இல்லன்னா அனுப்ப மாட்டாங்களே."

அம்மா போனை என் கையில் திருப்பித் தந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீயும் அப்பிடி சொல்லிட்டுப் போயிருக்கலாமேடி" என்றாள். அதில் கோபம் இல்லை. "போ. வேலூருக்குப் போறேன்னு சொல்லு."

சொன்னேன். அவர்கள் காலையிலேயே வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அன்று முழுவதும் நான் அம்மாவோடு பேசவில்லை. படத்து அப்பாவின் எண்ணை அழித்தேன், மறுநாள் குழுவிலிருந்து எடுத்துத் திரும்பப் பதிந்துகொண்டேன். அவர் நல்ல மனிதர் என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் மறந்து தொலைத்திருப்பேன்.

அதன்பின் மழை வந்து போனது. வேறு படம் எதுவும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வீட்டில் இருந்தேன். அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பிண வேஷத்தில், பாடையில் உட்கார்ந்தபடி எடுத்தது. நெற்றியில் பட்டை, தாடையைச் சுற்றித் தலை உச்சியில் முடிந்த வெள்ளைத் துணி. வாய் இறுகிக் கிடந்தது, கண் மட்டும் ஒரு மாதிரி சுருங்கியிருந்தது. கீழே எழுதியிருந்தார். 'இன்னிக்குக் கேட்டுட்டேன். பெரிய கேமராலயும் எடுத்தாங்க. அம்மாகிட்ட காட்டும்மா.'

எனக்காகத் திறக்காத வாய் இப்போது திறந்ததாக்கும் என்று முதலில் சுருக்கென்றது. பொய் சொல்வானேன், அப்படித்தான் இருந்தது. ஆனாலும் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாடி இது, வாயக் கட்டிக்கினு எப்பிடி சிரிக்கறது? இது செல்லாது. கட்ட அவுத்துட்டு எடுக்கச் சொல்லு."

"அம்மா, அவரு கேட்டதே பெருசு."

"போன் போடு."

எடுக்கமாட்டார் என்று நினைத்துத்தான் போட்டேன். உடனே எடுத்தார். பின்னால் சாமான்களை ஏற்றுகிற சத்தம். அம்மா சொன்னதைச் சொன்னேன்.

"மறுபடியுமாம்மா? பேக்கப் சொல்லிட்டாங்க. கேமராவப் பொட்டில வெக்கறாங்க." குரல் இறங்கிப்போனது. "பரவால்ல விடும்மா."

எனக்குள் இருந்த அத்தனை எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு வந்தது. "விடாதீங்கப்பா. எனக்குத்தான் விட்டுட்டீங்க. போய்க் கேளுங்க."

போனை அணைக்காமல் எங்கேயோ நடக்கிறார் என்று தெரிந்தது. செருப்புச் சத்தம் வந்தது. பிறகு அவருடைய குரல், எனக்குப் பழக்கமே இல்லாத குரலில், "சார், ஒரு நிமிஷம் சார். கட்ட அவுத்துட்டு இன்னொரு தடவ..." என்றது. யாரோ சிரித்தார்கள். யாரோ சலித்துக்கொண்டார்கள். இன்னொருவர், "பெரியவருக்கு எடுத்துட்டு அப்பறம் மூடுங்கப்பா" என்றார்.

அம்மா போனை என்னிடமிருந்து பிடுங்கித் தன் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. சிரித்துவிட்டாரா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.