உட்கார அவகாசம் உண்டு

மூணாறில் நான் வேலை பார்க்கும் கடையில் தேயிலை, ஏலக்காய், மிளகு, வீட்டில் செய்த சாக்லேட் எல்லாம் கிடைக்கும். உட்கார இடம் மட்டும் கிடைக்காது. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாசலில் பெஞ்சு போட்டிருக்கிறது. கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கும் பெண்களுக்கு அவரவர் கால்தான் துணை.

நான் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கொழுந்தெடுக்கப் போகாமல் கடை வேலைக்குப் போகிறேன் என்றதும் என் அம்மா, "நெழல்ல நிக்குத வேலை, குடுத்து வச்சவடி நீ" என்றாள். நிழல் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நிற்பதும் இருந்தது. கொழுந்தெடுப்பவர்கள் டீ நேரத்தில் சரிவில் குத்தவைத்தாவது உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் டீயையும் நின்றுகொண்டேதான் குடிப்போம். சில வருஷத்தில் என் கெண்டைக்காலில் நீல நரம்பு, மலை ஏறுகிற ரோடு மாதிரி, வளைந்து வளைந்து மேலே போனது. அம்மாவிடம் காட்டினேன். "எண்ணெய் தேய்" என்றாள்.

இதற்கிடையில் கடைகளில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று கேரளத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்காகத் துணிக்கடைப் பெண்கள் போராடினார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எங்கள் கடைக்கு அந்தச் சட்டம் ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூலும் ஒரு போர்டுமாக வந்து சேர்ந்தது. போர்டில் மேலே மலையாளம், கீழே தமிழ். நாங்கள் எல்லாரும் தமிழ் மீடியம். முதலாளியும் அப்படித்தான், அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் மலையாளம் பஸ்ஸிலும் சந்தையிலும் பொறுக்கியது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தியிடம் ஒரு மலையாளி "தூக்கம் எத்ர?" என்று பாக்கெட்டின் எடையைக் கேட்க, அவள் "ஆறு மணிநேரம் சார்" என்று பதில் சொன்ன கடை இது. அதனால் எல்லாரும் கீழே இருந்த தமிழைத்தான் படித்தோம்: 'தொழிலாளர்களுக்கு உட்கார அவகாசம் உண்டு.'

நல்ல சட்டம்தான் என்று பேசிக்கொண்டோம். நேரம் கிடைத்தால் உட்காரலாம். அந்த நேரம்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு பஸ் போனால் ரெண்டு பஸ் வந்தது. ஒரு ஸ்டூல் மேல் சாக்லேட் பெட்டிகள் ஏறின. இன்னொன்றில் கடைப் பூனை படுத்துக்கொண்டது. அதற்கு எப்போதும் அவகாசம் இருந்தது. அண்ணாச்சி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தினமும் காலையில் கடை திறந்ததும், "அவகாசம் இருந்தா உக்காருங்க தாயி, நானா வேண்டாங்கேன்?" என்று மனசாரச் சொல்வார். கல்லாவுக்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்.

ஏலக்காய் கவுண்டரில் என்னோடு நின்றவள் ஏலத்தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், என்னைவிட இளையவள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். காலில் நீர் கோத்து வீங்கி, சொந்தச் செருப்பு நுழையாமல், புருஷன் செருப்பைப் போட்டுக்கொண்டு வருவாள். "ஞாயித்துக்கெழம சர்ச்சிலதான்க்கா நான் நிம்மதியா உக்காருறதே. பிரசங்கம் சீக்கிரம் முடியக் கூடாதுன்னு ஜெபம் பண்ணுதேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ரத்த அழுத்தம் ஏறுகிறது, இப்படியே நின்றால் பிள்ளைக்கும் ஆபத்து, உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் செய், இல்லையென்றால் வேலையிலிருந்து நின்றுவிடு. வேலையை விட்டால் அந்த இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடும். புருஷன் ஓட்டும் ஜீப் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. "வீட்டுல ஓடுற வண்டி இப்ப நான் ஒருத்திதான்க்கா" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

அண்ணாச்சியிடம் போய், "எனக்குக் கொஞ்சம் கூடுதலா அவகாசம் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டாள். "தாரேம்மா, இந்த பஸ் போகட்டும்" என்றார். அந்த பஸ் போனது. அடுத்தது வந்தது. மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம்தான் லேபர் ஆபீசர் வந்தார். மலையாளிப் பெண்மணி. குடையை மடக்கிக்கொண்டே நேராக ஏலக்காய் கவுண்டருக்குப் போனவர், அவள் வயிற்றைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "மோளே, இரிக்கான் அவகாசம் இல்லே?" என்று கேட்டார். இரிக்கான் என்றால் உட்கார என்பது எங்களுக்குத் தெரியும். பெரிய ஆபீசர் இவ்வளவு அன்பாக விசாரிக்கிறாரே, கடையைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"அவகாசமே கெடையாது மேடம்! ஆண்டவர் கிருபையில அவ்வளவு யாவாரம்!" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

ஆபீசர் முகம் மாறிவிட்டது. அண்ணாச்சி பதறிக்கொண்டு ஓடிவந்தார். "மேடம், அவகாசம் இருக்கப்ப குடுக்கத்தான் செய்யுதேன். கூட்டம் வந்தா மட்டும் நிறுத்திருவேன்."

"அவகாசம் நிறுத்தான் நிங்ஙள் ஆரா?" என்று ஆபீசர் சத்தம் போட்டார்.

"நான்தான் மேடம் ஓனர்" என்றார் அண்ணாச்சி, பணிவாக.

மிளகு வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "மேடம், நீங்க சொல்லுத அவகாசம்னா டைம்தான?" என்று நடுவில் புகுந்தேன்.

"டைமோ?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ரைட்ஸ்! உங்க தமிழ்ல, உரிமை!"

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. சொல்லும்போது அந்தச் 'ச' கொஞ்சம் காற்றோடு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். போர்டு எழுதின பெயின்டர் அந்தச் சொல்லை அப்படியே தூக்கித் தமிழில் வைத்துவிட்டார். காற்று மேல் வரியோடு நின்றுவிட்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது, தலை கிறுகிறுக்கிற மாதிரிக் கோபம். உட்காருவது என் உரிமை என்று தலைக்கு மேலே எழுதி வைத்திருக்கிறது. அதற்குக் கீழே, நேரம் வரட்டும் என்று இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன்.

ஆபீசருக்கும் விஷயம் புரிந்து, கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியில் எங்களுக்குப் பாடம் நடத்தினார். ஓய்வும் ஓய்வு நேரமும் எல்லா மனிதருக்கும் உள்ள உரிமை என்று ஐ.நா. சபையின் மனித உரிமைப் பிரகடனத்திலேயே இருக்கிறதாம். வேலை செய்கிற இடம் மனிதத்தன்மையோடு இருக்க வேண்டும், பிள்ளை பெறுகிறவளுக்கு உதவி கிடைக்க வேண்டும், இதையெல்லாம் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம் அரசியல் சாசனம் சொல்கிறதாம்.

"ஐ.நா. சபைக்கும் நம்ம ஏலக்கா கவுண்டருக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்றார் அண்ணாச்சி. நிஜமான சந்தேகத்தோடுதான் கேட்டார்.

"அவகாசத்துக்கே அவகாசம் உண்டுங்காங்க அண்ணாச்சி" என்று விளக்கினேன். ஆபீசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சியும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்தார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கவுண்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டாள். "அப்ப, கூட்டம் இருக்கும்போதும் உக்காரலாமா மேடம்?"

"கூட்டம் இருந்தாலும்" என்றார் ஆபீசர்.

"உக்காந்தா வேலையவிட்டு நிப்பாட்ட மாட்டாங்களா?"

"பாடில்லா. நிறுத்தக் கூடாது."

அவள் தலையாட்டினாள். அப்போது வாசலில் இன்னொரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கிக் கடைக்குள் நுழைந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பெட்டிகளை இறக்கி ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தேன். அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, பாதத்தைச் செருப்பிலிருந்து உருவி, பார்த்துப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

அண்ணாச்சிக்கு வாய் பழகிப்போயிருந்தது. "ஏம்மா, கூட்டம் இருக்கே..." என்று இழுத்தார்.

"கூட்டம் இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள். "நானும் இருக்கேன்."