ஆறு மா நிலமும் ஒரு நீலக் குழலும்

செவ்வந்திக்கு இளைப்பு வந்தால் நெஞ்சுக்குள் நாலைந்து பூனைகள் ஒரே சமயத்தில் கத்தும். அறுவடைக் காலம் அந்தப் பூனைகளுக்குத் திருவிழா. பக்கத்தில் யாராவது பதர் தூற்றினால் போதும், பாதிப் பேச்சை வாயாலும் மீதியைக் கையாலும் சொல்லி முடிப்பாள்.

மன்னார்குடிப் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். கணவன் கோவிந்தராசுவோடு பன்னிரண்டு வருஷம் குத்தகைக்குப் பயிரிட்டவள், அவன் செத்த பிறகும் ஒற்றையாளாக இரண்டு போகம் எடுத்துவிட்டாள். ஆனால் குத்தகைப் பதிவேட்டில் அவள் பேர் இல்லை. பேர் ஏறாவிட்டால் நிலம் போய்விடும். பண்ணைக் காரியஸ்தர் சாரங்கபாணியோ, அந்த அம்மாள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தவள்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தார். எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் தாசில்தார் வயலுக்கே வந்து விசாரிப்பதாக நோட்டீஸ் வந்தது. பயிரிட்டவரே எல்லையை நடந்து காட்டி, வாயால் சொல்ல வேண்டும்.

அந்த வாய்தான் பிரச்சினை.

தஞ்சாவூர் டாக்டர் ஒருவர், வாயில் வைத்து அழுத்தும் நீலக் குழல் ஒன்றைக் கொடுத்திருந்தார். பத்து நாள் அடித்தும் பூனைகள் அசையவில்லை. மருந்துக்கடை அப்துல் ஜலீலிடம் போய், போலி மருந்து விற்கிறாயா என்று சண்டைக்கு நின்றாள்.

"எப்படி அடிக்கிறீங்க, காட்டுங்கக்கா."

காட்டினாள். கன்னத்தில் வெற்றிலையும் புகையிலையுமாய் ஒரு உருண்டை. அதன் மேல் ஒரு அழுத்து. உடனே வாயை மூடி, சாற்றை மரியாதையாக விழுங்கினாள்.

"இளைப்பு உங்களுக்கா, உங்க வெத்திலைக்கா?" என்றான் ஜலீல். "இது வயித்துக்குப் போற மருந்து இல்லக்கா. துப்பிட்டு வாயைக் கொப்பளிங்க. குழலைக் குலுக்கி, மூச்சை முழுசா விட்டுடுங்க. உள்ள இழுக்கும்போதே அழுத்துங்க. பத்து எண்ணுற வரைக்கும் அடக்குங்க. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை."

"நான் வெத்திலை போடுறதுல உனக்கென்ன தம்பி?" என்று முறைத்தாள். முறைத்துக்கொண்டே துப்பினாள். அன்றைக்கு இளைப்பு இல்லாததால், புது முறை பலிக்குமா என்று தெரியாமலே வீடு திரும்பினாள்.

விசாரணை நாளன்று, காற்றில் தூசி அவள் வயல் பக்கம் வரும்படி பார்த்துப் பண்ணை நெல்லைத் தூற்ற விட்டிருந்தார் சாரங்கபாணி. தற்செயலாம். தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"சொல்லுங்கம்மா, கிழக்கே என்ன?"

"வாய்க்..."

அதோடு அடைத்துக்கொண்டது.

"பாத்தீங்களா சார்," என்றார் சாரங்கபாணி. "ஒரு வார்த்தைக்கே இந்தப் பாடு. இவங்களா நாத்து நட்டவங்க? எழுதிட்டுக் கிளம்பலாம்."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். செவ்வந்தி ஒரு விரலைத் தூக்கினாள். தூசிக்கு விலகி நின்று வெற்றிலையைத் துப்பினாள். காரியஸ்தர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்ததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். வாய்க்கால் தண்ணீரில் கொப்பளித்தாள். இடுப்பில் செருகியிருந்த குழலை எடுத்துக் குலுக்கினாள், மூச்சை விட்டாள், இழுத்தபடியே அழுத்தினாள். பத்து எண்ணினாள். மறுபடி ஒரு முறை.

"அஞ்சு நிமிஷம் பார்ப்போம்," என்று தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது நிமிஷம், நெஞ்சைச் சுற்றி இறுக்கிய கயிறு ஒரு சுற்று தளர்ந்தது. பூனைகளில் இரண்டு இறங்கிப் போயின. ஐந்தாவது நிமிஷம் முழு வாக்கியமே வந்தது.

"கிழக்கே வாய்க்கால், தெக்கே ஐயாவு வயலு. வாங்க சார், நடப்போம்."

கால் மணி நேரத்தில் அவள் முன்னால் போக, தாசில்தார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மருந்தின் தயவு சில மணி நேரம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. எந்த மூலையில் நண்டு வளையால் வரப்பு உடையும், எங்கே களர், எங்கே நாற்று இரண்டு முறை அழுகி மூன்றாவது நடவு போட்டாள், எல்லாம் வந்து விழுந்தது.

"களர் எந்தப் பக்கம்னு காரியஸ்தர் ஐயாவையும் கேளுங்க சார். வரப்புல நின்னாவது பாத்திருப்பாருல்ல."

சாரங்கபாணி வடக்கே கை காட்டினார். களர் மேற்கே இருந்தது.

தாசில்தார் வரப்பிலேயே உட்கார்ந்து எழுதி, படித்தும் காட்டினார்: "பயிரிடுபவர், கோவிந்தராசு மனைவி செவ்வந்தி."

"கொஞ்சம் சத்தமா படிங்க சார். களத்துல இருக்கவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் மறுபடியும் படித்தார். தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.