லைன் என்றால் வீடு

மகள் செல்போனில் ‘லைன்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் வாசித்தாள். கோடு, வரிசை, தூண்டில் கயிறு. ஆளிச்செடி நாரில் பிறந்த சொல்லாம். இத்தனை இருந்தும் வீடு என்று எங்கேயும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் லைன்தான் எங்கள் வீடு. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். அடுத்த வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் கம்பளி மணக்கும். அம்மா உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டபோது, வீட்டிலிருந்து வேறு யாரும் வேலைக்கு வராவிட்டால் லைனைக் காலி செய்யச் சொன்னார்கள்.

“நான் கொழுந்தெடுக்கப் போறேன். பாப்பா படிக்கட்டும்” என்று அக்கா தன் பள்ளிப் பையை என் தோளில் மாட்டிவிட்டாள்.

இந்த மாதத்தோடு அக்காவுக்கும் ஓய்வு. காலையில்தான் போனில் சொன்னாள்: “லைனக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, பாப்பா.”