லாய்ட் வீட்டு வாசலுக்கு வளைந்த பனிப்பாதை

கோடைக்காலத்தில் லாய்ட் பெல்லாஞ்சருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பெரிய ஏரியின் நடுவே இருக்கும் மாக்கினா தீவில் கார் ஓடக்கூடாது. அதனால் உயரத் தொப்பி மாட்டிக்கொண்டு, சுற்றுலா வந்தவர்களைக் குதிரை வண்டியில் ஏற்றி, சண்டையே போடாமல் தீவுக் கோட்டை கைமாறிய சரித்திரத்தை நாளொன்றுக்கு ஒன்பது தடவை சொல்வார். ஒன்பது தடவையும் ஜனங்கள் "அப்படியா!" என்பார்கள். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

அக்டோபர் முடிந்தால் விடுதி ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். சுற்றுலாக்காரர்களுக்குப் பின்னாலேயே குதிரைகளும் படகேறி அக்கரைப் பண்ணைக்குப் போய்விடும். குளிர்காலத்தில் குதிரைக்குக்கூடப் போக்கிடம் உண்டு. மனைவி மார்லீன், "இந்த ஒரு குளிர்காலம் மட்டும் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வரேன்" என்று அரிசோனா போனாள். ஆறு வருஷமாகிறது. அந்தக் குளிர்காலம் இன்னும் முடிந்தபாடில்லை.

ஜனவரியில் ஏரி உறைந்துவிட்டால் எஞ்சின் வைத்த பனிவண்டியில் ஐஸ்மேல்தான் அக்கரைக்குப் போக்குவரத்து. பண்டிகை முடிந்து வீட்டுக்கு வீடு தூக்கியெறியும் கிறிஸ்துமஸ் மரங்களைச் சேர்த்து, ஐஸைத் துளையிட்டு, கனம் பார்த்து, வரிசையாக நட்டுவைப்பார்கள். மர வரிசையை விடாமல் போனால் கரை. விட்டால் மீன்களுக்கு விருந்து. அந்த விஷயத்தில் லாய்ட் சொன்னது ஊருக்கு வேதவாக்கு.

அந்த வருஷம் அவரும் தச்சர் கோர்டியும் அக்கரையிலிருந்து நட்டுக்கொண்டே வந்தார்கள். தீவுக்கு அரை மைல் இருக்கும்போது, கால்விரல் மரத்துப்போச்சு என்று கோர்டி வீட்டுக்குப் போய்விட்டார். கையில் மீதி முப்பது மரங்கள். நேரே போனால் படகுத்துறை. மேற்கே வளைந்தால் லாய்டின் வாசல். லாய்ட் யோசித்தார் என்று சொல்ல முடியாது. வளைந்தார். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் துளை போட்டு அளந்தார்: பதினாலு அங்குலம். பேச்சுத் துணைக்காக ஆளைக் கொல்லும் ரகமில்லை அவர்.

மறுநாள் முகம் மழித்து, பெரிய பாத்திரத்தில் காபி வைத்து, இறைச்சி அப்பம் ஒரு டஜன் சுட்டு வைத்தார். வண்டிகள் வந்தன. வந்தவர்கள் எல்லாரும் ஒரு கையை உயர்த்தினார்கள், போய்விட்டார்கள். மூன்றாம் நாள் லாய்ட் மரத்தோடு மரமாக ஐஸிலேயே போய் நின்றார். தபால்காரி டோரீன் வண்டியை மெதுவாக்கினாள்.

"என்ன லாய்ட், எதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லையே."

"அப்ப சரி!"

பிரச்சினை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம் என்பது அவள் புள்ளியாக மறைந்த பிறகே தோன்றியது.

நாலாம் நாள் கோர்டி வந்தார். எஞ்சினை நிறுத்தினார்.

"யோவ், வரிசை ஏன்யா உன் வாசலுக்கு வந்து நிக்குது?"

"துறைப்பக்கம் ஐஸ் சரியில்ல."

"இப்பத்தான் துளை போட்டுப் பாத்துட்டு வரேன். பதினஞ்சு அங்குலம். யானையே நடக்கலாம்."

லாய்ட் தம் பூட்ஸைப் பார்த்தார். ஊர் அவரை நம்பியிருந்தது ஐஸைப் பற்றி அவர் சொல்லும் அந்த ஒரு வார்த்தையில்தான்.

"நல்லாத்தான் இருக்கு. நான்தான் பொய் சொல்லிட்டேன். யாராச்சும் உள்ள வருவாங்கன்னு பாத்தேன்."

"வந்தாங்களா?"

"கையாட்டினாங்க."

"கையாட்டவா ஊரையே அரை மைல் சுத்தவிட்ட! அதைத் துறையிலயே ஆட்டிட்டுப் போயிருப்பாங்களேய்யா!"

இருவரும் முப்பது மரங்களையும் பிடுங்கித் துறைக்கு நேராக நட்டார்கள். மதியம் முழுக்க ஆயிற்று. அவ்வளவு நேரம் லாய்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். லாய்ட் வேலையைக் கொஞ்சம் மெதுவாகவே செய்தார்.

கிளம்பும்போது கோர்டி கையுறையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஊர்ல யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல சீட்டாட்டம். வாயேன்."

லாய்டின் நெஞ்சு குதிரை மாதிரி எகிறியது. ஆனால் உடனே ஓடிவருகிறவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாக்கறேன். கொஞ்சம் வேலை கெடக்கு."

அந்த ஊர்க்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் யோக்கியர்கள்.

"ஓ, வேலையா. சரி சரி" என்று கோர்டி எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போனார்.