ஊறுகாய் பாட்டிலில் பிடித்த பச்சைப் பூச்சிகள்

நெரவியில் எங்கள் வயலுக்கும் பெரியப்பா வயலுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்புதான். அப்பா காரைக்காலுக்குக் குமாஸ்தா வேலைக்குப் பஸ் ஏறிவிடுவார். பயிர் வைப்பது அம்மா. அது பெரியப்பாவுக்குப் பிடிக்காது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், சம்பா கதிர் வரும் நேரத்தில், தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் புகையான் ஊரெங்கும் விழுந்தது. பயிர் வட்டம் வட்டமாகக் கருகியது. பெரியப்பா புதிதாக வாங்கிய செல்போனில் அப்பாவின் ஆபீசுக்கே கூப்பிட்டு, உன் பெண்டாட்டி மருந்தடிக்காமல் வேடிக்கை பார்க்கிறாள் என்று புகார் வாசித்தார். இந்தப் போகம் போனால் வயலை அண்ணனிடமே விட்டுவிடலாம் என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

 அம்மா தினமும் காலையில் காலிச் சாப்பாட்டுத் தட்டோடு வயலில் இறங்கி, தூரைத் தட்டி, தட்டில் விழும் பூச்சிகளைப் பார்ப்பாள். பழுப்பாகக் கொஞ்சம், பச்சையாகக் கொஞ்சம். பச்சைக்கு எறும்பளவு உடம்பு, கண்ணாடி போன்ற சிறகு. அதைத்தான் அவள் ஒன்றுவிடாமல் எண்ணினாள். எண்ணப்படுவதுதான் எதிரி என்று நான் முடிவு கட்டினேன். கேட்டிருக்கலாம்; கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆளா நான்?

ஒரு சனிக்கிழமை ஊறுகாய் பாட்டிலோடு சேற்றில் இறங்கி, மதியம்வரை பச்சைப் பூச்சியாகப் பிடித்தேன். கரையேறினால், எங்கள் வயலுக்கும் மருந்தடிக்கப் பெரியப்பா ஸ்பிரேயரோடு நிற்கிறார். அம்மா மறித்து நிற்கிறாள். நான் பாட்டிலை நீட்டினேன்.

“பாத்தியா, புள்ளைக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியல,” என்றார் பெரியப்பா.

அம்மாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு என் தோளில் கைவைத்தாள்.

“எம் பொண்ணு ஒரே மூலையில இத்தன புடிச்சிருக்கா. எங்க வயலுக்கு மருந்து வேணாம். நீங்க ஒங்க வயலப் பாருங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பாட்டிலைக் கழுவி வருகிறேன் என்று அம்மா வயலுக்குள் இறங்கி, குனிந்து, காலி பாட்டிலோடு திரும்பினாள். பூச்சிகளைச் சேற்றில் அமுக்கிக் கொன்றுவிட்டாள் என்றே நினைத்தேன்.

பெரியப்பா மூன்று முறை மருந்தடித்தும் அவர் பயிர் கருகியது. எங்களுடையது தப்பியது. அப்பா அதன்பிறகு வயலை விடுவது பற்றிப் பேசவே இல்லை. என்னால்தான் பிழைத்தது என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். கேட்டவர்களிடம் அம்மாவும் அதையே சொன்னாள்.

அந்தப் பச்சைப் பூச்சி புகையானின் முட்டையைத் தின்பது, மருந்தடித்தால் அதுவும் செத்துவிடும் என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். வயலில் பெண்களுக்கு நடந்த வேளாண் வகுப்பில் அம்மா கற்றது அது. அன்று அவள் வயலில் குனிந்தது அவற்றைத் திரும்பப் பயிரில் விடத்தான். பயிருக்குக் காவலாக இருந்தவற்றையே பிடித்துக் கொடுத்துவிட்டு, வரப்பில் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறேன். இன்றும் நினைத்தால் பெருமை தாங்கவில்லை, என்னைப் பற்றியல்ல. வயலே கையைவிட்டுப் போகவிருந்த அந்த நேரத்திலும், அம்மா என்னை அப்படியே நிற்கவிட்டாள்.